தறிக்கூலி எப்போ கணக்குல ஏறும்?

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடிச்சுக்கிட்டே படிங்க, ஆனா முழுசா படிங்க.

முகூர்த்த சீசன்ல காந்தி ரோட்டுல ஏதாவது ஒரு பட்டுக் கடைக்குள்ள போய் நில்லுங்க. ஒரு குடும்பம் நாற்பதாயிரம் ரூபாய்க்குக் கல்யாணச் சேலை எடுக்குது. கார்டைத் தேய்க்கறாங்க, இல்லைன்னா க்யூஆர் ஸ்கேன் பண்றாங்க. பத்து விநாடியில வேலை முடிஞ்சுது. கடைக்காரர், சரக்கு கொடுத்த முதலாளிக்கு வங்கி வழியா பணம் அனுப்பறார். முதலாளி சூரத்து ஜரிகைக்கும் கர்நாடகத்துல இருந்து வர்ற பட்டு நூலுக்கும் வங்கி வழியாவே கட்டறார். எல்லாம் கணக்குல, எல்லாத்துக்கும் ரசீது.

கடைசியா ஒரு ஆள் இருக்கார். அந்தச் சேலையைக் குழித்தறியில கால் இறக்கி உட்கார்ந்து பதினஞ்சு, இருபது நாள் நெய்தவர். அவருக்குப் பணம் எப்படி வருது? பல வீடுகள்ல இன்னைக்கும் ரொக்கமா. முதலாளி வீட்டுத் திண்ணையில, ஒரு நோட்டுல பேனாவால எழுதின ஒரு வரி. அந்த நோட்டும் அவர் கையில இருக்காது.

"கிராமத்துக்கெல்லாம் டிஜிட்டல் பேங்கிங் வந்துடுச்சு"ன்னு யாராவது பேசும்போது எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வருது. டீக்கடையில க்யூஆர் இருக்கு, ஒத்துக்கறேன். பூக்கார அக்கா தட்டுலயும் க்யூஆர் இருக்கு, பார்த்து சந்தோஷம்தான். ஆனா அதெல்லாம் ஏழையோட பையில இருந்து பணம் வெளியே போற வழி. உள்ளே வர்ற வழி இன்னும் 1980-லயே நிக்குது. என்னோட கருத்து இதுதான்: நெசவாளருக்கு டிஜிட்டல் பேங்கிங்னா, செயலியை இறக்கிக் கொடுக்கறது இல்லை, அவர் கூலி அவர் பேர்ல இருக்கிற கணக்குல ஏறுறது. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். எங்க வீட்டுலயும் தறி இருந்துச்சு, தாத்தாவோட நின்னுபோச்சு. இப்போ அணி வேலையா ஞாயித்துக்கிழமைகள்ல பிள்ளையார்பாளையம், அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டைன்னு தறித் தெருக்கள்ல ஒரு மேஜை போட்டு உட்காருவோம். போன்ல பிரச்சினை, ஆதார்ல பிரச்சினை, பாஸ்புக்ல பிரச்சினைன்னு வருவாங்க. முதல் வாரம் நான் பெரிய ஆள் மாதிரி எல்லாருக்கும் யுபிஐ போட்டுக் கொடுக்கத் தயாரா போனேன். ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, போட்டுக் கொடுத்துடுவ. அதுல பணத்தை யார் போடுவா?" எனக்குப் பதில் தெரியலை. அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு.

முதல்ல முன்பணம் பத்திப் பேசிடுவோம். இது புரியலைன்னா எதுவுமே புரியாது.

சங்கத்துக்கு நெய்யாம தனியார் முதலாளிக்கு நெய்யற குடும்பம் ஏராளம். பொண்ணு கல்யாணம், ஆஸ்பத்திரி, காலேஜ் ஃபீஸ், எதுவா இருந்தாலும் முதலாளிகிட்டதான் முன்பணம் வாங்கறாங்க. வட்டி இல்லைன்னு சொல்வாங்க. ஆனா முன்பணம் அடையற வரைக்கும் வேற யாருக்கும் நெய்யக்கூடாது, கூலியில பேரம் பேசவும் முடியாது. சும்மா ஒரு உதாரணத்துக்குக் கணக்கு போடுவோம். முன்பணம் 50,000 ரூபாய். மாசம் ரெண்டு சேலை. வெளியில கிடைக்கிற கூலியை விட ஒரு சேலைக்கு 500 ரூபாய் குறைச்சல்னு வச்சுக்குங்க. வருஷத்துக்கு 12,000 ரூபாய் போச்சு. அது 24 சதவீத வட்டி! வட்டின்னு பேர் மட்டும்தான் இல்லை. அசல் அப்படியே நிக்கும், அடுத்த கல்யாணத்துக்கு மேல ஏறும். அப்பன் வாங்கின முன்பணத்துக்குப் பையன் தறியில உட்கார்ந்த காலம் ஒண்ணு இருந்துச்சு. அந்தக் கதையெல்லாம் நம்ம பெரியவங்களுக்குத் தெரியும், பிரியதர்ஷனோட 'காஞ்சிவரம்' படம் பார்த்த பிள்ளைகளுக்கும் தெரியும்.

சரி, வங்கிக்குப் போய் கடன் வாங்கலாமே? நெசவாளர் முத்ரா திட்டத்துல 6 சதவீத வட்டியில கடன் உண்டு. அதே 50,000 ரூபாய்க்கு வருஷம் 3,000 ரூபாய் வட்டி. 12,000 எங்கே, 3,000 எங்கே! ஆனா வங்கி அதிகாரி கேட்கற முதல் கேள்வி, "வருமானத்துக்கு என்ன ஆதாரம்?" நம்மாள்கிட்ட என்ன இருக்கு? முப்பது வருஷமா ஒரு நாள் விடாம நெய்திருக்கார். அவர் பாஸ்புக்கைத் திறந்தா கேஸ் மானியமும் உரிமைத் தொகையும் தவிர வேற வரவு இல்லை. கம்ப்யூட்டர் கண்ணுக்கு அவர் வேலையே செய்யாத மனுஷன். திரும்பி முதலாளி திண்ணைக்கே வர்றார்.

இதுல அந்த அதிகாரியைத் திட்டி ஒண்ணும் ஆகப்போறது இல்லை. காகிதம் இல்லாம அவரும் கையெழுத்து போட முடியாது. அந்தக் காகிதம் எப்படி உருவாகும்னுதான் நாம கேட்கணும். கூலி பன்னிரண்டு மாசம் கணக்குல ஏறினா அதுவே காகிதம். 2021-ல இருந்து அக்கவுண்ட் அக்ரிகேட்டர்னு ஒரு ஏற்பாடு நாட்டுல நடக்குது. நீங்க சம்மதம் கொடுத்தா உங்க வங்கிக் கணக்கு விவரம் நேரா கடன் கொடுக்கற வங்கிக்குப் போகும், ஜெராக்ஸ் கட்டு தூக்கிட்டு அலைய வேண்டாம். தொழில்நுட்பம் தயாரா இருக்கு. உள்ளே போட வரவுதான் இல்லை.

2019-20 அகில இந்திய கைத்தறிக் கணக்கெடுப்பு சொல்ற விஷயம் தெரியுமா? நாட்டுல இருக்கிற நெசவாளர் குடும்பங்கள்ல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு, மாசம் 5,000 ரூபாய்க்கும் கீழே சம்பாதிக்குது. இவ்வளவு குறைஞ்ச வருமானத்துல அந்த 500 ரூபாய் வித்தியாசம் ஒரு வாரச் சாப்பாடு.

கூட்டுறவு சங்கத்துக்காரங்க இப்பவே என்கிட்ட சண்டைக்கு வருவாங்க. "எங்க உறுப்பினருக்குக் கணக்குலதானே தம்பி போடறோம்!" உண்மைதான். சங்கத்துல நெய்யறவங்களுக்குக் கூலி கணக்குல வருது, கூலியில ஒரு பங்கு பிடிச்சு அரசும் பங்கு போடற சேமிப்புத் திட்டமும் உண்டு. நான் கேட்கறது அதையேதான், தெருவுல பாக்கி இருக்கறவங்களுக்கும். சங்கம் செஞ்சு காட்டிடுச்சு. அதனால "நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது"ங்கற பேச்சு செல்லாது.

இன்னொரு விஷயம். கணக்குல போடணும்னா யார் கணக்குல?

கோர்வைச் சேலை நெய்யறதைப் பார்த்திருக்கீங்களா? கரைக்கு ரெண்டு நாடா, உடலுக்கு ஒரு நாடா, மொத்தம் மூணு. ஒரு ஆளால முடியாது, பக்கத்துல இன்னொரு கை வேணும். முன்னாடி அந்தக் கை சின்னப் பசங்களோட கையா இருந்துச்சு, இப்போ பெரும்பாலும் வீட்டம்மாவோட கை. அதுக்கு மேல தார் சுத்தறது, பாவு புணைக்கும்போது கூட உட்கார்றது. சேலையில பாதி வேலை அவங்களோடது. கூலி நோட்டுல பேர் மட்டும் புருஷன் பேர். அந்தப் பெண் பேர்ல இன்னைக்கு வர்ற ஒரே பணம் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய். 2023 செப்டம்பர் 15-ல நம்ம காஞ்சிபுரத்துலதான் அதைத் தொடங்கினாங்க. (யார் ஆட்சியில, யாருக்குப் பெருமைங்கற பட்டிமன்றத்தை இன்னொரு நாள் கமெண்ட்ல வச்சுக்கலாம்.) அந்தத் திட்டம் ஒரு விஷயத்தை நிரூபிச்சுது: ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களோட சொந்தக் கணக்குக்கு மாசாமாசம் பணம் போட முடியும். அப்போ நெய்த கூலியில அவங்க பங்கை அவங்க கணக்குல போட ஏன் முடியாது?

அதே திட்டம் இன்னொண்ணையும் காட்டிக் கொடுத்துது. முதல் மாசமே சில வங்கிகள் மினிமம் பேலன்ஸ் இல்லைன்னு அந்த ஆயிரத்துல கை வச்சது. அப்படிப் பிடிக்கக்கூடாதுன்னு நிதியமைச்சரே அறிக்கை விட வேண்டி வந்துச்சு. எங்க மேஜைக்கு வந்த ஒரு பெரியம்மா ஆயிரம் ரூபாயை எடுக்கப் போய், மீதி இருநூத்துச் சொச்சத்தோட திரும்பி வந்திருந்தாங்க. பேங்க்ல என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். "இங்கிலீஷ்ல ஏதோ மெசேஜ் வந்துச்சாம், அதுலயே சொல்லிட்டாங்களாம்" அப்படின்னாங்க. தமிழ்நாட்டுல, தமிழ் மட்டும் தெரிஞ்ச ஒரு அம்மாவோட பணத்தை எடுத்துட்டு இங்கிலீஷ்ல தகவல் அனுப்பறாங்க. இதுக்குக் கோபம் வரலைன்னா வேற எதுக்கு வரும்?

சரி, நெசவாளருங்க என்ன சொல்றாங்க? எல்லாரும் "ஆமா, கணக்குல போடு"ன்னு சொல்லலை. நேர்மையா எழுதணும் இல்லையா.

ஒருத்தர் சொன்னார், "கணக்குல போட்டா பழைய கடனுக்கு பேங்க்காரன் பிடிச்சுக்குவான்". இது வெறும் பயம் இல்லை, நடக்குது. கடன் பாக்கி இருக்கிற வங்கியில கூலிக் கணக்கு வைக்காதீங்க. வேற வங்கியில அடிப்படை சேமிப்புக் கணக்கு, அதாவது ஜன்தன் மாதிரி மினிமம் பேலன்ஸ் கேட்காத கணக்கு, திறந்துக்குங்க. இன்னொரு அக்கா, "கூலி கணக்குல தெரிஞ்சா உரிமைத் தொகை நின்னுடுமா?"ன்னு கேட்டாங்க. அதுக்கு வருமான வரம்பு குடும்பத்துக்கு வருஷம் இரண்டரை லட்சம். மாசத்துக்கு இருபதாயிரத்துக்கும் மேல. நம்ம தறிக்கூலி அந்த உயரத்துக்கு ஏறினா முதல்ல நானே லட்டு கொடுக்கறேன். மூணாவது பயம்தான் பெருசு, யாரும் சத்தமா சொல்றது இல்லை: "முதலாளிகிட்ட இதைக் கேட்டா அடுத்த பாவு கொடுக்க மாட்டார்."

இதுக்கு என்கிட்ட சுலபமான பதில் இல்லை. தனி ஆள் கேட்டா பாவு நின்னுடும். தெருவே சேர்ந்து கேட்டா நிறுத்த முடியாது. அரசு சொன்னா இன்னும் நல்லது. முதலாளிங்களையும் எதிரியா பார்க்க வேண்டாம். நிறைய பேர் நேத்து வரைக்கும் தறியில உட்கார்ந்தவங்கதான், கடை பாக்கிக்காக மாசக்கணக்குல காத்துக் கிடக்கறவங்கதான். அவங்களுக்குக் கடை பணத்தைச் சீக்கிரம் கொடுக்கணும், அவங்க நெசவாளர் கணக்குல போடணும். ஒண்ணு இல்லாம இன்னொண்ணு நிக்காது.

வேற நாட்டுல நடந்திருக்கான்னா, நடந்திருக்கு. பங்களாதேஷ்ல கார்மெண்ட்ஸ் தொழிலாளர்கள் பெரும்பாலும் கையில ரொக்கமா சம்பளம் வாங்கினவங்க, அதுல நிறைய பெண்கள். 2020 மார்ச்ல கொரோனாவுக்காக அந்த அரசு, ஏற்றுமதி ஆலைகளோட சம்பளத்துக்கு 5,000 கோடி டாக்கா கடன் உதவி அறிவிச்சுது. ஒரு நிபந்தனை: பணம் தொழிலாளியோட வங்கிக் கணக்குக்கோ மொபைல் கணக்குக்கோ நேரா போகணும். அவ்வளவுதான், சில வாரத்துல லட்சக்கணக்குல கணக்கு திறந்தாச்சு. பல வருஷப் பிரசாரத்துல நடக்காதது ஒரு நிபந்தனையில நடந்துச்சு. நம்ம அரசுகளும் கைத்தறிக்கு எவ்வளவோ செலவு பண்ணுது: இலவச மின்சாரம், தள்ளுபடி மானியம், கண்காட்சி. தனியார் உற்பத்தியாளர் அரசுகிட்ட எந்தச் சலுகை வாங்கினாலும் "கூலியைக் கணக்குல போட்ட சான்று காட்டு"ன்னு ஒரு வரி சேர்க்கலாமே? புதுசா நிதி ஒதுக்க வேண்டாம், ஒரு வரி போதும்.

அடுத்து, கணக்குல வந்த பணம் கைக்கு வரணும். இங்கேதான் நம்ம இன்ஜினியர் மூளை தோத்துப்போகுது.

கைரேகை வச்சா பணம் கொடுக்கற ஏஇபிஎஸ் நல்ல ஏற்பாடு. கார்டு வேண்டாம், பின் நம்பர் வேண்டாம், மளிகைக் கடையில இருக்கிற வங்கி முகவர்கிட்டயே பத்தாயிரம் வரை எடுக்கலாம். ஆனா வாழ்நாள் முழுக்க சாம்பலைத் தொட்டு, பாவுல ஆயிரக்கணக்கான இழையை ஒண்ணொண்ணா முறுக்கிப் புணைச்ச விரல்ல ரேகை எங்கே இருக்கும்? எங்க தெருப் பெரியவர் ஒருத்தர் மூணு தடவை விரல் வச்சு, துடைச்சு, எண்ணெய் தடவி, மறுபடி வச்சு, கடைசியில சிரிச்சார்: "சேலைக்குத்தான் டிசைன் போட்டேன்பா, விரல்ல இருந்த டிசைன் அழிஞ்சுபோச்சு." ரேஷன் கடையில இந்தப் பிரச்சினை வந்தப்போ கண் கருவிழி வச்சாங்க. வங்கி முகவர் கடையிலயும் அதே மாதிரி மாற்று வழி கட்டாயம் இருக்கணும்.

அந்த முகவரையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. அவருக்கு வங்கி கொடுக்கற கமிஷன் ரொம்பக் குறைவு. அதனாலதான் சில பேர் "நூத்துக்குப் பத்து கொடும்மா"ன்னு கேட்கறாங்க. அது தப்பு, ரிசர்வ் வங்கி விதிப்படி முகவர் நேரடியா வாடிக்கையாளர்கிட்ட காசு வாங்கக்கூடாது. ஆனா அவர் வயித்துக்கு வழி பண்ணாம விதியை மட்டும் ஒட்டி வச்சா அவர் கடையை மூடிட்டுப் போயிடுவார். கென்யாவுல 2007-ல எம்-பெசா தொடங்கி ஊர் ஊரா பரவினதுக்குக் காரணம் போன் மட்டும் இல்லை, மூலைக்கு மூலை கமிஷனுக்கு உட்கார்ந்த கடைக்காரர்தான். மனுஷன் இல்லாத டிஜிட்டல் கிராமத்துல நிக்காது. நம்மகிட்ட தபால்காரரே இருக்கார். 2018-ல இருந்து அஞ்சலக பேமெண்ட்ஸ் வங்கி வழியா அவர் வீட்டு வாசல்லயே பணம் கொடுக்கறார். எத்தனை தறித் தெருவுல இது தெரியும்? தெரிஞ்சவங்க பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்க.

ஸ்மார்ட்போன் இல்லைன்னா யுபிஐ இல்லைன்னு நினைக்காதீங்க. 2022 மார்ச்ல இருந்து சாதா போனுக்கும் யுபிஐ 123பே இருக்கு. ரெண்டு வருஷம் கணக்குல வரவு செலவு எதுவும் செய்யலைன்னா அது முடங்கிடும். ஆதாரோட, போட்டோவோட போய்க் கேட்டா இலவசமா திறந்து கொடுக்கணும், அபராதம் கேட்டா கட்டாதீங்க. ஆதார் வழியா வர்ற அரசுப் பணம் நீங்க கடைசியா ஆதார் இணைச்ச கணக்குக்குத்தான் போகும். புதுக் கணக்கு திறந்துட்டுப் பழைய பாஸ்புக்கைப் பார்த்து "பணம் வரலை"ன்னு அழறவங்களை வாரா வாரம் பார்க்கறேன்.

ஏமாத்துறவங்களும் கூடவே வர்றாங்க. 2023-ல பத்திரப்பதிவு ஆவணங்கள்ல இருந்த கைரேகையை நகல் எடுத்து ஏஇபிஎஸ்ல பணம் திருடின கேஸ் வெளி மாநிலங்கள்ல வந்துச்சு. ஏஇபிஎஸ் பயன்படுத்தாதவங்க எம்ஆதார் செயலியில கைரேகையைப் பூட்டி வச்சுக்கலாம். பணம் போச்சுன்னா உடனே 1930-க்கு அடிங்க, கையோட வங்கிக்கும் எழுதிக் கொடுங்க. மூணு வேலை நாளுக்குள்ள புகார் கொடுத்து, தப்பு உங்க பக்கம் இல்லைன்னா இழப்பு உங்களுக்கு இல்லைன்னு ரிசர்வ் வங்கி 2017-லயே சொல்லியிருக்கு. வங்கி முப்பது நாள்ல பதில் சொல்லலைன்னா ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம், 14448-ல கேட்டா வழி சொல்வாங்க.

"நெசவாளருக்குக் கணக்கு வழக்கெல்லாம் புரியாதுங்க"ன்னு ஒரு ஏசி ரூம் கூட்டத்துல ஒருத்தர் சொன்னதைக் காதால கேட்டேன். அவருக்காக ஒரு தகவல். சென்னை அருங்காட்சியகத்துல பத்தாம் நூற்றாண்டு உத்தம சோழன் செப்பேடு இருக்கு. அதுல பேசப்படற ஊர் கச்சிப்பேடு, அதாவது நம்ம காஞ்சி. உலகளந்த பெருமாள் கோயிலோட பொன்னை வட்டிக்கு வாங்கி, ஒழுங்கா வட்டி கட்டினது இந்த ஊர் குடியிருப்புகள். அந்தக் கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கற பொறுப்பை ராஜா கொடுத்தது பட்டு நெய்யற சாலியருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கோயில் கஜானாவையே நம்பிக் கொடுத்த கைங்க அது. இன்னைக்கு அவங்களுக்குக் கூலி நோட்டைக் காட்டக்கூட ஆள் இல்லை.

அதனால கேட்போம். அடுத்த கிராம சபையில, வார்டு கூட்டத்துல எழுந்து நின்னு கேளுங்க: எங்க தெருவுல எத்தனை தறி, அதுல எத்தனை பேருக்குக் கூலி கணக்குல வருது? இந்தக் கணக்கை எடுக்கச் சொல்லுங்க. எங்க கட்சி ஆளா இருந்தாலும் சரி, எதிர்க்கட்சி ஆளா இருந்தாலும் சரி, இந்தக் கேள்வியைக் கேட்டா நான் கை தட்டறேன்.

உங்க வீட்டுல தறி இருந்தா கமெண்ட்ல எழுதுங்க: கூலி கணக்குலயா, கையிலயா? முதலாளி பேர், சங்கத்துப் பேர் எதுவும் வேண்டாம். ஊர் பேர் மட்டும் போதும்.

வர்ற ஞாயித்துக்கிழமை காலையில அய்யம்பேட்டையில மேஜை போடறோம். பாஸ்புக், ஆதார், போன் மூணும் எடுத்துட்டு வாங்க. வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க, அவங்க பாஸ்புக்கோட. ஓடிபி மட்டும் யார் கேட்டாலும் சொல்லாதீங்க, நாங்க கேட்டாலும்.

– தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர், காஞ்சிபுரம்

#தறிக்கூலி_கணக்கில் #காஞ்சிபுரம் #கைத்தறி